எட்டாம் நம்பர் ராட்

"வீட்டுல ஏற்கெனவே நாலு தூண்டில் குச்சி நிக்குது. அஞ்சாவது எதுக்கு? கூடாரம் போடப் போறீங்களா?"

என் தங்கை இதைக் கேட்டது அவள் கணவரிடம். முறைத்தது என்னை.

"பழசைக் குடுத்துட்டுத்தான் புதுசு வாங்கப் போறோம். அப்பவும் நாலுதான்" என்றேன்.

"நீ பேசாதே அண்ணா. அவரைக் கெடுக்கிறதே நீதான். அவருக்கு ஒரு குச்சி, உனக்குக் கொஞ்சம் புத்தி, ரெண்டையும் சேர்த்து வாங்கிட்டு வா."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். அது நான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டுவது நான், அவர் வாத்தியார் சீட்டில். என் பக்கம் ஒரு பிரேக், அவர் பக்கம் ஒரு பிரேக். முதல் திருப்பத்திலேயே அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தினார். நானும் வழக்கம்போல், "இந்த ஜென்மத்துல உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது மாப்ளே" என்றேன். பதினாறு வருடமாக நடக்கும் விளையாட்டு இது.

மாப்பிள்ளை தையற்காரர். கோட்டும் பேண்ட்டும் தைப்பதில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போய்விடுவோம். கடல் உள்வாங்கிய நேரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு ஃப்ளை ராடில் மீன் பிடிப்போம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டு கிடையாது. முனையில் இருப்பது இறகையும் நூலையும் சுற்றிய ஒரு சின்ன முள். அதை மீன் இறால் என்று நம்ப வேண்டும். கனமெல்லாம் அந்தத் தடித்த நூலில்தான். கனம் கூடக் கூட நூலின் நம்பரும் கூடும்; அதை வீசும் ராடுக்கும் அதே நம்பர்தான். கையைப் பின்னால் வீசி, ஒரு கணம் நிறுத்தி, முன்னால் வீசினால் நூல் காற்றில் சுருள் பிரிந்து போய் விழும். கை சொன்னதைத்தான் ராட் கேட்கும். ராட் சொன்னதைத்தான் நூல் கேட்கும்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையின் நூல் அவர் தொப்பியைச் சுற்றியே விழுந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த வாரமும் அப்படியே விழுந்தது. "நூல் பழசாயிடுச்சு, மாத்துங்க" என்றேன். மாற்றினார். "ஒரு நம்பர் கனமான நூல் போடுங்க, ராட் நல்லா வளையும்" என்றேன். போட்டார். அதன் பிறகு இன்னும் மோசமானது. கடைசியில் பெரிய நிபுணன் மாதிரி நானே தீர்ப்பும் சொன்னேன்.

"ராட் செத்துப்போச்சு மாப்ளே. பத்து வருஷம் உப்புத் தண்ணியில நின்ன ராட். உள்ளுக்குள்ளே விண்டுபோயிருக்கும். வெளியே தெரியாது."

"அப்படியா சொல்றீங்க மச்சான்?"

"எழுதிக் குடுக்கட்டுமா?"

அந்த ராடை நான் ஒரு தடவைகூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. ஒருவர் ராடை இன்னொருவர் தொடுவதில்லை என்பது எங்களுக்குள் இருந்த வழக்கம். அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்வது மாதிரி அது. கேட்டால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை.

கடை ஒரு பழைய கார் ஷெட்டில் இருந்தது. சுவர் நெடுக ராடுகள் வரிசையாக நின்றன. நடத்துவது ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கண்ணாடியைத் தலைமுடியில் செருகி வைத்துக்கொண்டு, அதையே மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கும்மா" என்றார் மாப்பிள்ளை.

"புண்ணியமாப் போகட்டும். என்ன வேணும்? ஆத்துக்கா, கடலுக்கா?"

"கடல்" என்றேன் நான். "நின்னு பிடிக்கிறது. மூணு கிலோ, நாலு கிலோ மீன். எதிர்க்காத்து ஜாஸ்தி. எட்டாம் நம்பர் பழசு இருக்கு. ஒன்பது பாக்கலாமான்னு..."

"வாங்கப் போறது யாரு?"

மாப்பிள்ளை பயந்த பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார்.

"அப்ப அவர் பேசட்டும். நீங்க கூட வந்தவர். கூட வந்தவங்க பேச்சைக் கேட்டு ராட் வித்தா, ஒரு வாரத்துல திரும்பி வந்துடும்."

கடைக்குப் பின்னால் நீளமான புல்வெளி. ஒரு முனையில் வெள்ளைக் கோடு, அங்கிருந்து அறுபது அடியில் ஒரு பழைய கார் டயர். முள்ளுக்குப் பதில் நூல் முனையில் ஒரு மஞ்சள் பஞ்சுத் துணுக்கு. டயருக்குள் அது விழ வேண்டும்.

முதலில் ஒன்பதாம் நம்பர். மாப்பிள்ளை கோட்டில் கால் வைத்து நின்றார். வீசினார். பின்னால் போன நூல் புல்லில் விழுந்தது. முன்னால் பாதி தூரம் வந்து குவியலாகக் கிடந்தது.

"கனம் ஜாஸ்தி" என்றேன்.

கடைக்காரம்மா புது எட்டாம் நம்பரைக் கொடுத்தார். அதே கதை. ஏழாம் நம்பர். அதிலும் நூல் இருபது அடி போய்ப் படுத்துவிட்டது. நான் கார் ஓட்டக் கற்றுத்தருகிற அதே குரலில், "மணிக்கட்டை மடக்காதீங்க மாப்ளே... நிறுத்துங்க... இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை. இளங்காற்று அடிக்கிற காலை நேரம் அது.

"பழசைக் குடுங்க, பாக்கலாம்" என்றார் கடைக்காரம்மா. "புதுசு விலையில எவ்வளவு கழிக்கலாம்னு நான் சொல்லணுமில்ல?"

அந்த ராடின் நாலு துண்டையும் உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார். மூட்டுகளை விரலால் தடவினார். நுனியை வளைத்துப் பார்த்தார். பிறகு கோட்டில் போய் நின்று, பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு, இன்னொரு தடவை, அப்புறம் நூலை விட்டார். நூல் நேராக, சத்தமே இல்லாமல் நீண்டு போனது. மஞ்சள் பஞ்சு டயருக்குள் உட்கார்ந்தது.

இன்னொரு முறை வீசினார். மறுபடி டயருக்குள்.

"இதுக்கு என்ன குறை? எதுக்கு மாத்தறீங்க? இதை வித்தா நீங்க முட்டாள், வாங்கினா நான் திருடி."

"என்கிட்ட குடுங்க" என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். கோட்டில் போய் நின்று வீசினேன். நூல் ஐம்பது அடி போனது. என் சொந்த ராடைவிட நன்றாகவே போனது.

செத்துப்போச்சு என்று நான் தீர்ப்புச் சொன்ன ராட் அது.

மாப்பிள்ளை கேட்காமலே வந்து அதை வாங்கினார். கோட்டில் நின்றார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. நூல் அவர் காலடியில் விழுந்தது.

"கையைக் குடுங்க" என்றார் கடைக்காரம்மா.

வலது கையை நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பார்த்தார். கையை மடக்கினால் அங்கே சதை உருண்டு நிற்க வேண்டும். அவருக்கு அந்த இடத்தில் பள்ளம் இருந்தது. ஒரு புளியங்கொட்டையை வைத்தால் உட்காரும்.

நாள் முழுவதும் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளைப் பார்த்துப் பார்த்துச் சம்பாதிக்கிறவன் நான். ஏழு மாதமாக நான் பார்த்ததெல்லாம் ராடை மட்டும்தான்.

"குடிக்கத் தண்ணி கொண்டு வரேன்" என்று கடைக்காரம்மா உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. வேண்டுமென்றேதான்.

புல்வெளி ஓரத்தில் ஒரு பலகை. உட்கார்ந்தோம்.

"டாக்டர்கிட்ட போகணும் மாப்ளே. நாளைக்கே போறோம்."

"போயாச்சு மச்சான்."

"எப்போ?"

"மூணு டாக்டரைப் பாத்தேன். கடைசி ஆள் சொல்லி பதினோரு நாளாச்சு. நரம்பு விஷயம். பேரு ரயில் மாதிரி நீளமா இருக்கு. முதல்ல கை. அப்புறம் இன்னொரு கை. அப்புறம்..." புல்லில் கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கத்திரியை நாலு மாசமா ரெண்டு கையாலதான் பிடிக்கிறேன். துணி வெட்டறதை எதிர்க் கடைக்குக் குடுத்துட்டேன். தைக்கிறது மட்டும் நான். மெஷின் நல்லது மச்சான், காலால ஓடுது."

"தங்கச்சிக்கு?"

"தெரியாது."

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எதுக்கு இங்கே வந்தோம்? எதுக்குப் புது ராட்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"மூணு டாக்டரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வேற சொன்னீங்க. ராட் செத்துப்போச்சுன்னு. எழுதிக் குடுக்கறேன்னு வேற சொன்னீங்க. ஒருவேளை நீங்க சொன்னது சரியா இருக்கக் கூடாதான்னு தோணுச்சு. புது ராட்ல நேராப் போச்சுன்னா, அந்த டாக்டருங்க எல்லாம் சும்மா பேசறாங்கன்னு அர்த்தம், இல்லையா?"

"முதல் வாரமே நான் சிரிக்காம இருந்திருந்தா... ஏழு மாசம் முன்னாடியே காட்டியிருந்தா..."

"ஒண்ணும் மாறியிருக்காதாம். கேட்டுட்டேன்."

"நிஜமாவா?"

"உங்களுக்காகத்தான் கேட்டேன். நீங்க இப்படித்தான் புலம்புவீங்கன்னு தெரியும்."

நான் அழுதேன். அவர் இடது கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வரவேண்டிய ஆறுதல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வந்தது பாருங்கள்.

கடைக்காரம்மா தண்ணீரோடு வந்தார். இன்னொரு கையில் ஒல்லியான ஒரு ராட்.

"இது அஞ்சாம் நம்பர். ஆத்துக்கு உண்டானது. கடல் காத்துல நிக்காது. காத்து இல்லாத காலையில, கழிமுகத்துப் பக்கம், பக்கத்துல பக்கத்துல வீசினா சின்ன மீன் கிடைக்கும். பிடியை மட்டும் நான் இப்பவே கொஞ்சம் தடியாக்கித் தரேன், கட்டைவிரல் அழுத்தாமலே பிடிக்கிற மாதிரி."

மாப்பிள்ளை எழுந்து போய் வீசினார். நூல் முப்பது அடி போய், நேராக விழுந்தது. அழகான வீச்சு இல்லை. ஆனால் நேராக இருந்தது.

"எத்தனை நாளைக்கு இது வரும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ராடைப் பற்றி அல்ல. அந்த அம்மாவுக்கும் அது புரிந்தது.

"நான் டாக்டர் இல்லைங்க."

"இத்தனை வருஷமா கையைப் பாக்கறீங்க. சும்மா சொல்லுங்க."

"ஆறு மாசம்."

"எட்டு போடுங்களேன்."

"ஆறுதான் தோணுது."

"தூரத்துலேருந்து வந்திருக்கோம்மா. பாத்துச் சொல்லுங்க."

ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன் என்று சுவரில் பலகை மாட்டி வைத்திருந்த பெண்மணி அவர். கண்ணாடியை மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொண்டார்.

"சரி. எட்டு" என்றார். "எட்டு மாசம். அதுக்கு மேல கேக்காதீங்க."

"கேக்கல" என்றார் மாப்பிள்ளை, நல்ல பேரம் முடித்த திருப்தியோடு.

பழைய எட்டாம் நம்பரை அவர் கழிக்கக் கொடுக்கவில்லை. என் பக்கம் நீட்டினார். "நீங்க வச்சுக்குங்க மச்சான். உங்களுதுதான் நிஜமாவே மோசம்."

திரும்பி வரும்போது அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும், "அவகிட்ட நீங்க சொல்லுங்க" என்றார்.

"என்னால முடியாது மாப்ளே."

"எனக்கும் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

தங்கை வாசலிலேயே இருந்தாள். துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். புது ராட் இருந்த நீளக் குழாயைப் பார்த்ததும், "வந்துடுச்சா, அஞ்சாவது மகாராஜா? எங்க, மூஞ்சியைக் காட்டுங்க, பாப்போம்" என்றாள்.

மாப்பிள்ளை குழாயின் திருகு மூடியில் கையை வைத்தார். திருகினார். விரல்கள் வழுக்கின. மறுபடி திருகினார். சட்டை நுனியால் பிடித்துப் பார்த்தார். நான் உதவப் போகவில்லை. போகக் கூடாது என்று தோன்றியது. பிறகு அவர் குழாயை அவளிடம் நீட்டினார்.

"திறந்து குடு."

"அடேயப்பா, மூடி திறக்கக்கூட ஆள் வேணுமா துரைக்கு?" ஒரே திருகில் திறந்துவிட்டாள்.

"ஆமா" என்றார் அவர். "இனிமே வேணும்."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. சிரிப்பு மெல்ல இறங்கியது. அவருடைய வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரத்துணி பிழிந்த அவள் கைக்குள் அது சின்னதாகத் தெரிந்தது.

எங்கள் இரண்டு பேரையும் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்சம்கூட வலியில்ல. வலிச்சிருந்தா முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருப்பேன்."

அவள் தலையாட்டினாள். ராடைக் குழாயோடு சுவரில் சாய்த்து வைத்தாள். அவர் கையை விடாமலே வாளியில் மிச்சமிருந்த சட்டையை ஒற்றைக் கையால் உதறிக் கொடியில் போட முயன்றாள். அது கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.