இரண்டாம் பத்தியில் ஒரு துக்கம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டேன். அப்போது அது எண்ணூறு சொல்லில் அடங்கிய ஒரு விண்ணப்பக் கடிதம். வாசகர்கள் மூன்றே பேர், மூவரும் ஏதோ ஒரு தூர தேசத்துப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவில் இருந்தவர்கள். இத்தனை வருடத்தில் நான் எழுதிய எதற்கும் கிடைக்காத பாராட்டு அந்தக் கடிதத்துக்குக் கிடைத்தது. அந்தப் பாராட்டு தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருப்பதால்தான் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அதுதான் என் பிழைப்பு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கிறவர்களுக்கு, 'நான் ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறேன்' என்று அவர்கள் சொல்லவேண்டியதை நான் எழுதிக் கொடுப்பேன். கதை எழுதப் போய்க் காலி டப்பாவோடு திரும்பியவனுக்கு வேறு என்ன வேலை தெரியும்? எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. முதல் பத்தியில் ஆர்வம், இரண்டாம் பத்தியில் ஒரு துக்கம், மூன்றாம் பத்தியில் மன உறுதி. துக்கம் இல்லாமல் வருகிறவர்களுக்கு நானே ஒன்றைச் செய்து கொடுப்பேன். எத்தனையோ பேருடைய மாமாக்களுக்கு என் கையால் நோய் வந்திருக்கிறது.*

(* அப்படி ஒரு மாமா ஒருநாள் நேரிலேயே படியேறி வந்தார். "எனக்குச் சர்க்கரைகூட இல்லியே தம்பி, எப்படி என்னைக் கொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

2

தொடக்கம் ஒன்று: அந்த நகரத்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்—

இல்லை. அன்று மழையே பெய்யவில்லை. காலை பதினோரு மணி வெயில், மண்டையைப் பிளந்தது.

தொடக்கம் இரண்டு: நாற்பத்தேழு வயதில் மறுபடி மாணவியாவது என்பது ஒரு—

ஒரு என்ன? அரைமணி நேரம் யோசித்தேன். வந்த உவமை எல்லாம் வேறு யாரோ போட்டுக் கழற்றிய சட்டை மாதிரி இருந்தது.

தொடக்கம் மூன்று: அவள் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்ப்பவள். கணவர் பஸ் டிப்போவில் வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிறவர். ஒரே மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மருத்துவமனையில் அவளுக்கு 'மூணுதடவை அக்கா' என்று பெயர். யாரிடம் ரத்தம் எடுத்தாலும் பெயரை மூன்று தடவை கேட்பாள். கேட்டபிறகுதான் ஊசி. "என்னம்மா, அதுக்குள்ள மறந்துபோச்சா?" என்று நோயாளிகள் கேலி செய்வார்கள். "ஆமாங்க, வயசாயிடுச்சு" என்பாள்.

நேரில் அவளை நான் 'நீங்க' என்றுதான் சொன்னேன். கதை என்று வந்ததும் 'அவள்' ஆக்கிவிட்டேன். எங்கள் தொழிலின் துணிச்சல் இது, மன்னிக்கவும்.

விண்ணப்பத்தில் 'வயது முதிர்ந்த மாணவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போடும்போது அவள் சிரித்தாள்.

"கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே சார் ஆகணும்?"

அந்தப் பழமொழியை எதற்குச் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒளித்துவைத்தது ஒருநாள் வெளியே வரும் என்பதற்கு. அவள் வயதைத்தான் சொல்கிறாள் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

3

பல்கலைக்கழகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? என்னிடம் வரும் இருபது வயதுக்காரர்கள் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பார்ப்பார்கள். அவள் கணவர், விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், பஸ் உண்டா என்று பார்த்தார். மகள், அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று பார்த்தாள். அவள் பார்த்தது வேறு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலும் இருக்கும் வகுப்புப் படங்களைப் பெரிதாக்கி, நரைத்த தலை ஒன்றாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒரே ஒரு படத்தில், இரண்டாவது வரிசையில், ஒரு நரைத்த தலை இருந்தது.

அது ஆசிரியராக இருக்கலாம் என்றேன்.

"இருக்கட்டுமே சார். உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருக்காங்க."

வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று பெரியது. அவள் படிக்க விரும்பியதையே தனிப் படிப்பாக வைத்திருந்தது: மருத்துவமனைகளில் பிழைகள் எப்படி நேர்கின்றன, எப்படித் தடுப்பது என்பது. உதவித்தொகை உண்டு, கணவரையும் கூட்டிப்போகலாம். ஆனால் கடிதம் வேண்டும், நேர்காணலும் வேண்டும். மற்றது சின்னது, குளிர் ஊரில் இருப்பது. பொதுவான ஒரு ஆய்வகப் படிப்பு, உதவித்தொகை கிடையாது, துணைக்கு யாரையும் அழைத்துப்போக முடியாது. அவர்கள் கடிதமே கேட்கவில்லை. சான்றிதழும் வேலை பார்த்த வருடங்களும் போதும் என்றார்கள். அந்த நரைத்த தலை இருந்தது இந்தச் சின்னதில்தான்.

சின்னதிலிருந்து பத்தே நாளில் இடம் கிடைத்துவிட்டது. டிப்போக்காரர் மட்டும் பெரியதற்காகக் காத்திருந்தார். இருபத்தோரு வருடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் மனைவியைப் பிரிந்திராத மனிதர். தன் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்து, சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

4

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். கடிதத்துக்கு அதுதானே வேண்டும். என் மஞ்சள் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். வேலை, அனுபவம், ஆர்வம் என்று ஏதேதோ சொன்னாள், ஒன்றிலும் உயிர் இல்லை. பிறகு பேனாவைக் கீழே வைக்கச் சொன்னாள்.

(இந்த இடத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் வரைவில் அவள் அழுதாள். நேரில் அழவில்லை. ஆகவே இந்த வரைவிலும் அழமாட்டாள்.)

பதினான்கு வருடத்துக்கு முன்னால், பெண்கள் வார்டில், பதினொன்றாம் கட்டிலிலும் பன்னிரண்டாம் கட்டிலிலும் இரண்டு பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எந்த வகை என்று பார்க்க முதலில் கொஞ்சம் எடுக்கவேண்டும். டியூபில் நோயாளியின் பெயரை எப்போது ஒட்டவேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. ரத்தம் எடுத்தபின், கட்டிலருகிலேயே, பெயர் கேட்டு ஒட்டவேண்டும். அன்று அவளுக்கு நாற்பது பேர். நேரம் மிச்சமாகட்டும் என்று மேசையிலேயே எல்லா டியூபிலும் முன்கூட்டி ஒட்டிக்கொண்டு கிளம்பினாள். எல்லாரும் செய்வதுதான். கட்டில் எண்ணைப் பார்த்து எடுத்தாள், பெயர் கேட்கவில்லை.

அன்று காலையில் அந்த இரண்டு பெண்களும் கட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, மற்றவளுக்குப் புழுக்கம். அவ்வளவுதான் விஷயம்.

ஒருத்தியின் ரத்த வகை மற்றவள் பெயரில் பதிவாகி, ஒத்துவராத ரத்தம் ஏறியது. ஒருத்தி மூன்றாம் நாள் இறந்துபோனாள். விசாரணை நடந்தது. நோயாளிகளே கட்டில் மாறியதால் நேர்ந்தது, தனிப்பட்ட யார் மீதும் குற்றமில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். முன்கூட்டி ஒட்டியதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

"அந்தம்மாவோட வீட்டுக்காரர் ஒரு வாரம் கழிச்சு வந்தார் சார். நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு சொல்லி எல்லாருக்கும் ஆரஞ்சு குடுத்தார். எனக்கும் ஒண்ணு குடுத்தார்."

நான் மஞ்சள் தாளை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"அதை என்ன பண்றதுன்னே தெரியல. உரிச்சுச் சாப்பிட்டேன்."

பிறகு, "இதை எழுதாதீங்க" என்றாள். எழுதமாட்டேன் என்றேன்.

5

எழுதினேன்.

ஐந்து நாள் இழுத்தடித்தேன். வேறு துக்கம் எதைப் போட்டாலும் அட்டையில் செய்த மாதிரி இருந்தது. என்னிடம் சோற்றுப்பானை நிறைய உண்மை இருந்தது, நான் எங்கே போய்ப் பிச்சை எடுப்பது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் மேல் மதிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பத்தியில் இப்படி எழுதினேன்: 'என் சக ஊழியர் ஒருவர் செய்த சிறிய பிழையால் ஒரு பெண் இறந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன்.' கட்டில்களும் ஃபேனும் இருந்தன. ஆரஞ்சும் இருந்தது, அந்தச் சக ஊழியர் கையில்.

அவள் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டாள். "நீங்க எழுதினா சரியாத்தான் சார் இருக்கும்" என்றாள். எதையும் மூன்று தடவை பார்க்கிறவள் இதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கடிதம் எங்களை மிகவும் பாதித்தது என்று அதில் ஒரு வரி. நேர்காணலுக்குத் தயார் செய்கிறேன் என்று மகள் அந்தக் கடிதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்திருக்கிறாள். டிப்போக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். படித்து முடித்ததும் மகள் கேட்டாளாம், "யாரும்மா அந்த சக ஊழியர்? நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

மறுநாள் அவள் படியேறி வந்தாள். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பேரே போடலீங்களே, யாருக்கும் தெரியாது" என்றேன்.

"நான் செஞ்சதைக் கொண்டுபோய் இன்னொருத்தர் தலையில கட்டிட்டீங்க. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு எனக்குத் தெரியுமே." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்களும் லேபிளை முன்னாடியே ஒட்டிட்டீங்க சார்."

6

நேர்காணல் என் அறையில் நடந்தது. வீட்டில் வேண்டாம் என்றாள்.

திரையில் ஒரு பேராசிரியை, கனிவான முகம். அனுபவத்தைப் பற்றிக் கேட்டார், நன்றாகச் சொன்னாள். இந்த வயதில் ஏன் என்று கேட்டார், அதற்கும் சொன்னாள். நான் மூலையில், கேமராவில் விழாமல், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார். கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சக ஊழியர், அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று?

அவள் என் பக்கம் திரும்பினாள். வெளியே போகும்படி கையால் காட்டினாள். நான் எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக் கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது, ரொம்ப நேரம் அசையவில்லை. அப்புறம் தலை லேசாக ஆடியது, பேசுகிறாள் என்று தெரிந்தது.

வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

7

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

(அ) அது நான்தான் என்று சொன்னாள். பேராசிரியை நெகிழ்ந்து, நேர்மைக்காகவே இடம் கொடுத்தார். [நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று சொல்லும் முடிவு. இறந்தவளின் கணவரிடம் கொண்டுபோய் இதைப் படித்துக் காட்ட முடியுமா என்று யோசித்தேன். அடித்துவிட்டேன்.]

(ஆ) அது நான்தான் என்று சொன்னாள். இடம் போயிற்று, தகவல் மருத்துவமனைக்கும் வந்தது, வேலையும் போயிற்று. சின்னப் பல்கலைக்கழகத்தில், இரண்டாவது வரிசையில்— [பாதியில் நிறுத்திவிட்டேன். அவளைத் தண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை?]

(இ) "அவங்க இன்னும் அங்கேயேதான் வேலை பாக்கிறாங்க" என்றாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இடம் கிடைத்தது. டிப்போக்காரர் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்தார். [மூன்றில் இதுதான் எழுத்தாளனுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அதனாலேயே பயந்தேன்.]

8

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மதியம் அவள் வந்தாள். அந்த மஞ்சள் தாளைக் கேட்டாள். கொடுத்தேன். பேனாவைக் கீழே வைத்த இடத்தில் தாள் வெறுமையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அன்றைக்குத் திரைக்கு முன்னால் என்ன பதில் சொன்னாள் என்பதை, நான் கேட்காமலேயே சொன்னாள்.

ஆமாம், எனக்குத் தெரியும்.

இதைக் கதையாக எழுதலாமா என்று கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது.

"வேணாம்னா மட்டும் விட்டுடுவீங்களா? எழுதுங்க. ஆனா நான் செஞ்சேன்னே எழுதுங்க, வேற யார் மேலயும் போடாதீங்க. ஊர் பேரு, என் பேரு வேணாம். அந்தம்மா பேரும் வேணாம், அவங்க வீட்டுக்காரர் படிச்சிடப் போறாரு." படியில் இறங்கத் தொடங்கியவள் நின்று திரும்பினாள். "அந்தப் பதிலை மட்டும் எழுதாதீங்க சார். அது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்."

எழுதமாட்டேன் என்றேன். முன்பும் இதே அறையில், இதே சொல்லைத்தான் சொன்னேன்.

அவள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள், அல்லது எதற்குமே போகவில்லையா என்று நான் சொன்னால், பதிலையும் சொன்னதாகிவிடும். ஆகவே அதையும் சொல்லப்போவதில்லை. கணவரோடு போனாளா, தனியே போனாளா, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா என்பதையும் கேட்காதீர்கள். உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளலாம், உங்கள் கையைப் பிடித்து யாரும் தடுக்கப்போவதில்லை. மேலே அடித்துப்போட்ட மூன்றும் அப்படியே கிடக்கின்றன. எதையாவது எடுத்து அவள் பெயரில் ஒட்டுவதற்கு முன்னால், தயவுசெய்து, ஒரு தடவை அவளிடம் கேட்டுவிடுங்கள். முதல் தடவை நான் கேட்கவில்லை.