ஒரு பெஞ்சின் முனை

கோயில் கமிட்டிச் செயலாளர் பதவியை ஏற்றதற்காக மருந்துக்கடைக்காரம்மா அந்த மாதம் முழுக்கத் தன்னையே நொந்துகொண்டார். அவர் கேட்டது ஒரே ஒரு காரியம். நடுப்பாதையை ஒட்டி ஏதாவதொரு பெஞ்சின் முனையை வெட்டி, சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு இடம் தர வேண்டும். நாற்காலி அவருடைய அண்ணனுடையது.

அண்ணன் இளவயதிலிருந்து தலை நரைக்கும்வரை அந்தக் கோயிலில் ஆர்கன் வாசித்தவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது ஞாயிறு ஆராதனைக்கு வந்தால் நடுப்பாதையில்தான் இருக்க வேண்டும். பாடகர் குழு சிலுவையை ஏந்தி வரிசையாக வரும்போது, அவரைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் பாட்டே தடம் புரண்டுவிடும். போன வாரம் ஓர் அங்கி சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது.

நூறு வருடத்துக்கு முன்பு அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் நாற்காலிக்குச் சக்கரம் முளைக்கும் என்று நினைக்கவில்லை. இரு பக்கமும் கருங்கல் தூண்கள்; அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பீடமும் தெரியாது, பிரசங்கம் செய்பவரும் தெரியாது. முன்னால் போனால் படிகள், படிகளுக்கு மேல் பூவேலை செய்த மரத்தட்டி, அதற்கப்பால் பாடகர் இருக்கைகள். மிச்சமிருப்பது நடுவிலுள்ள தேக்குப் பெஞ்சுகள்தான். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பித்தளைத் தகடு: இன்னாரின் நினைவாக இன்னார் குடும்பத்தார் அளித்தது.

முதல் பெஞ்சு பல் டாக்டரின் கொள்ளுத்தாத்தா பேரில் இருந்தது.

“தாராளமா வெட்டுங்க. ஆனா தகடு இருக்கிற முனையத் தொடக் கூடாது,” என்றார் டாக்டர்.

“மறுமுனை தூணோட ஒட்டியிருக்கு டாக்டர். அங்க நாற்காலி போகாது.”

“அப்ப தூண ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க.”

மருந்துக்கடைக்காரம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். டாக்டர் விளையாடவில்லை.

இரண்டாவது பெஞ்சு, ஓய்வுபெற்ற டீச்சர்களான அக்கா தங்கை இருவருடைய அப்பா பேரில். “அந்த முனையிலதான் அப்பா உட்காருவார்,” என்றார் பெரியவர்.

“அப்பா தவறி எவ்வளவோ காலமாச்சேக்கா,” என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

“அதனால?” என்றார் சின்னவர்.

மூன்றாவது பெஞ்சுக்குச் சொந்தம் கொண்டாடிய காண்ட்ராக்டர் உடனே தலையாட்டினார். ஆனால் அதோடு தரையிலிருந்த பழைய பூப்போட்ட ஓடுகளையும் பெயர்த்துவிட்டு, பளபளவென்று கிரானைட் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் தலையாட்டாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரம்மா திரும்பி வந்தார்.

கடைசியில் விஷயம் கமிட்டிக்குப் போனது. “வேதப் புத்தகத்தத் தாங்கிட்டு நிக்குதே பித்தளைக் கழுகு, அத நகர்த்தினா என்ன?” என்று ஒருவர் கேட்டார்.

“கழுகு வழியில இல்லையே.”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

போதகர் தொண்டையைக் கனைத்தார். “எல்லாரும் ஜெபம் பண்ணி ஒரு முடிவுக்கு வருவோம்.”

“ஜெபமெல்லாம் பண்ணியாச்சு ஐயா. ரம்பம்தான் வேணும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார் மருந்துக்கடைக்காரம்மா.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முன்னால் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பேச்சு இப்போது அவருக்கு மெதுவாகத்தான் வரும்.

“எனக்கு எதுக்கு முன்னாடி இடம்? வாசல் பக்கம், ஞானஸ்நானத் தொட்டி கிட்ட விடு. அங்கதான் நிறைய இடம் இருக்கே.”

“உன்ன ஓரங்கட்டிட்டோம்னு எல்லாரும் பேசவா?”

“பேசட்டும். நான் வாசிச்சது அந்தப் பக்கத்து அறைக்குள்ள, ஆர்கன் குழாய்களுக்கு நடுவுல. என் காதுல விழுந்ததுல பாதி காத்துச் சத்தமும் கட்டை தட்டுற சத்தமும்தான். பாட்டு மரக்கூரையில ஏறி, முழுசா கீழ இறங்குறது தொட்டி பக்கம்தான்னு சுதி சேர்க்க வர்றவர் சொல்லுவார். நான் ஒரு நாள்கூட அங்க இருந்து கேட்டதில்ல.”

தங்கைக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். “இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? ஊர்ல ஒருத்தர் விடாம பகைச்சுக்கிட்டு வந்திருக்கேன்.”

“நீ எங்க என்னக் கேட்ட? டாக்டரக் கேட்ட, காண்ட்ராக்டரக் கேட்ட.”

அடுத்த ஞாயிறு, எட்டுப் பட்டைக் கல்தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி நின்றது. மேற்கு ஜன்னலின் நீலக் கண்ணாடி அவர் தோளில் கறைபோல் விழுந்தது. பல் டாக்டரின் மகள் ஆர்கனைத் தொடங்கினாள். அதன் பெரிய குழாய்களின் முழக்கம் தரை வழியாகவே ஏறி வந்தது. அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். வலது கை விரல்கள் மடியில் தாமாகவே அசைந்தன.

“காலால அழுத்துற கட்டையில தடுமாறுறா,” என்றார் அண்ணன், கோயிலுக்கே கேட்கும் குரலில்.

முன்னாலிருந்த தலைகள் திரும்பின. டாக்டரின் தலையும் திரும்பியது.

“மெதுவாப் பேசுண்ணா.”

“இங்க இருந்தா எல்லாமே கேக்குது,” என்றார் அவர் பரம திருப்தியோடு. அடுத்த பாட்டிலும் இரண்டு இடத்தில் குறை சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் டாக்டர் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து விறுவிறுவென்று பின்பக்கம் வந்துகொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரம்மா ஒரு பெருமூச்சு விட்டு, நாற்காலியின் பிடிகளைப் பற்றி வாசலை நோக்கித் திருப்பினார்.