முப்பத்தெட்டுப் படிவங்கள்

பதினான்காவது நாற்காலியைப் பிரித்துப் போட்டதும் சின்னவளுக்குக் கையில் வேலை இல்லாமல் போனது. உடனே முதல் நாற்காலியிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அக்காவை எரித்துவிட்டு வீடு திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"கொஞ்சம் உக்காரேம்மா. பாக்கறவனுக்குத் தலை சுத்துது," என்றார் அத்தான். அவர் கையில் அக்காவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் காலையிலிருந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இதோ உக்கார்றேன்," என்றவள், ஓரத்து நாற்காலியை இரண்டு விரற்கடை நகர்த்தினாள்.

கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்தான். ஐந்து மணிக்குள் அவள் சரி என்று சொன்னால் கட்டுரை அச்சுக்குப் போய்விடும். நாலு வருஷ உழைப்பு. உணவும் வாழ்க்கைமுறையும் புற்றுநோயை எப்படிக் கொண்டுவருகின்றன, அது வசதியான பகுதியில் குறைவாகவும் தொழிற்சாலைப் பகுதியில் அதிகமாகவும் இருப்பது ஏன் என்பதுதான் ஆராய்ச்சி. தொழிற்சாலைப் பகுதிக்கு அக்கா வேலைபார்த்த பேக்கிங் தளத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். அங்கே முப்பத்தெட்டுப் பெண்கள். ஒவ்வொருவரும் ஒரு வாரம் சாப்பிட்டதைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அக்காதான் எல்லாவற்றையும் சேகரித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து தந்தாள்.

பிரித்துப் பார்த்த சின்னவள் அசந்துபோனாள். கீரை, பயறு, பழம் என்று அந்தப் பெண்கள் பணக்காரப் பகுதிக்காரர்களைவிட நன்றாகச் சாப்பிட்டிருந்தார்கள். ஆகவே உணவு காரணமில்லை, பரம்பரையில்தான் தேட வேண்டும் என்று கட்டுரையை முடித்திருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பேக்கிங் தளத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், நீலச் சீருடையோடு நின்றார்கள். முன்னால் நின்றவளை எல்லாரும் ராக்கெட் என்பார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேகத்துக்கு வைத்த பெயர்.

"அரை மணி நேரம்தான் பர்மிஷன் குடுத்தான் அந்த சூப்பர்வைசர் பாவி," என்று சொல்லி அழுதாள் ராக்கெட்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றைச் சின்னவள் தட்டுகளில் போட்டுக் கொடுத்தாள். ஒருத்தியும் நாற்காலிப் பக்கம் போகவில்லை. சுவரோரமாக வரிசையாக நின்றபடியே மளமளவென்று சாப்பிட்டார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்களேன்."

"பழகிப்போச்சும்மா. அங்க சாப்பாட்டுக்கு விடறது பன்னெண்டு நிமிஷம். டப்பாவைச் சூடு பண்ற வரிசையிலயே ஒன்பது நிமிஷம் போயிடும். அதுக்கு ரெண்டு பன்னை டீயில நனைச்சு முழுங்கிட்டு ஓடிடலாம். உங்கக்காவும் அப்படித்தான்."

"அக்கா கேரியர் கொண்டுவருவாளே?"

"கொண்டுவருவா. அப்படியே திரும்பக் கொண்டுபோவா."

சின்னவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள். "படிவத்துல அப்படி இல்லையே. தினமும் காய், பழம்னு எழுதியிருந்தீங்களே."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கெட்டுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க எங்கம்மா எழுதினோம்? எங்களுக்கு ஏது நேரம்? ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து முப்பத்தெட்டையும் எழுதினது உங்கக்கா. பேனாவை மாத்தி, கையெழுத்தை மாத்தி. நான் கத்திரிக்காயைத் தொடவே மாட்டேன். எனக்கு வாரத்துல மூணு நாள் கத்திரிக்காய் போட்டுட்டா!"

"எதுக்கு?"

"தங்கச்சி படிச்ச எடத்துல நம்ம பன்னும் டீயும் போய் நிக்கக் கூடாதாம். அவளுக்குத் தலைகுனிவாம். நல்லா சாப்பிடற பொம்பளைங்கன்னு தெரியணுமாம்."

சின்னவளுக்குப் பழைய போன்பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா போன் செய்து, மலத்தில் ரத்தம் வருகிறது என்று சொன்னாள். ஆராய்ச்சி விதிப்படி பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் சின்னவள் அக்காவின் படிவத்தை உருவிப் பார்த்தாள். "நீ சாப்பிடற சாப்பாட்டுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காதுக்கா. மூலமா இருக்கும். தண்ணி நிறைய குடி," என்றாள். மறுமுனையில், "அது வந்து..." என்று ஓர் இழுப்பு. பிறகு, "அப்ப சரி," என்றாள் அக்கா. டாக்டரிடம் போனது எட்டு மாதம் கழித்து. அதற்குள் குடலில் புற்று முற்றியிருந்தது.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், "அந்த ஃபாரம் இருக்குல்ல..." என்று அக்கா ஆரம்பித்தாள். "இப்ப அதெல்லாம் எதுக்கு? பேசாம படு," என்று அடக்கிவிட்டாள் இவள். அக்காவும் சொன்னபடி பேசாமல் படுத்துக்கொண்டாள். சின்னவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

கைபேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"சார், கட்டுரையை நிறுத்திடுங்க."

"என்னம்மா சொல்ற? நிலைமை புரியுது. மனசு சரியில்லாதப்ப முடிவெடுக்காத. உன் பட்டமே இதுலதான் இருக்கு."

"அந்த முப்பத்தெட்டுப் படிவமும் பொய் சார்."

"யாரு பண்ணது?"

உள்ளே கேட்காதபடி பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் பேராசிரியர் இரண்டு முறை ஹலோ சொன்னார்.

"நான்தான் சார் சரியாப் பாக்கல. எழுதினது எங்கக்கா. அவளுக்கும் ஒரு படிவம் இருக்கு, அதை நம்பி நானே..." மீதியைச் சொல்லவில்லை. "மறுபடி முதல்லேர்ந்து எடுக்கறேன்."

உள்ளே வந்தபோது தட்டுகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. பர்மிஷன் நேரத்தில் இன்னும் பத்து நிமிஷம் இருந்தும் பெண்கள் கிளம்பத் தயாராகச் சுவரோரம் நின்றார்கள். சின்னவள் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பேனா மூடியைத் திறந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்ந்தாள் என்பதை அத்தான் கவனித்தார்.

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

ராக்கெட் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நெசத்தையா சொல்லணும்?"

சின்னவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவர்களோடு போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, நோட்டை முழங்கையில் அணைத்துப் பிடித்தாள். நடுவறையில் பதினான்கு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன.