மாடித் தரைக்கு டைல்ஸ்

1

இந்தக் கதை எனக்கு ரசம் சாதத்தில் கிடைத்தது. நானும் என் மனைவி ஃபிளோராவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு கருக்காய், அதாவது உள்ளே அரிசி இல்லாத நெல், அவள் தட்டில் விழுந்தது. பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்தான். அறுவடை மெஷின் ஓடும் நாட்களில் தூசும் கருக்காயும் மாடி ஜன்னல் வழியாக வந்து, மரப்பலகைத் தரையின் இடுக்குகளில் இறங்கி, கீழே சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும். மாடியில்தான் நான் எழுதுகிறேன். ஆகவே அவளைப் பொறுத்தவரை அந்தத் தூசும் என் இலக்கியமும் ஒரே இடத்திலிருந்து வருபவை.

"மாடிக்கு டைல்ஸ் போட்டுடலாங்க," என்றாள்.

இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "துரைராசு மாடியில் நடக்கும்போதெல்லாம் கீழே மங்களாம்பிகைக்கு முட்டி வலியையும் மறந்து

(அடித்துவிட்டேன். சொந்த வீட்டுக் கதையை எழுதக் கூச்சமாக இருந்ததால் வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தேன். அதைப் படித்த ஃபிளோரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எவளோ மங்களாம்பிகைக்கு எதுக்குங்க என் முட்டி வலி?" நியாயம்தான். வலிக்குச் சொந்தக்காரி அவள். நானும் டேவிட்சனாகவே இருந்துவிடுகிறேன்.)

3

இரண்டாம் தொடக்கம்: "பழைய மரத்தரைக்கென்று ஒரு மொழி உண்டு."

(இப்படி எழுதுகிறவனை நான் நம்பமாட்டேன். மொழியெல்லாம் இல்லை. கிரீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.)

ஆனால் அந்தச் சத்தத்தை வைத்தே ஃபிளோரா என்னைப் படித்துவிடுவாள். எழுதும்போது எனக்கு உட்கார்ந்தே இருக்க வராது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். கிரீச் ஓயாமல் வந்தால் எழுத்து ஓடுகிறது, தொந்தரவு செய்யக்கூடாது. விட்டுவிட்டு வந்தால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறேன், கூப்பிட்டுக் காபி கொடுக்கலாம். நாற்காலியில் இருந்தாலும் காலடியில் பலகை லேசாக முனகும். அதுவும் இல்லையென்றால் போன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் எழுத்துக்கு வந்த மதிப்புரைகளில் இவ்வளவு சரியான ஒன்றை நான் கண்டதில்லை.

டைல்ஸ் போட்டால் இந்த உளவு ஒழியும் என்று உள்ளூர எனக்குச் சந்தோஷம். அவளிடம் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள்.

4

கொத்தனார் அஸார் வந்து பார்த்தார். மரத்தின் மேல் அப்படியே கலவையைக் கொட்டி டைல்ஸ் பதிக்க முடியாதாம். முதலில் எல்லாப் பலகைகளையும் ஸ்குரூ போட்டு இறுக்கவேண்டும். அதன்மேல் சிமெண்ட் போர்டு, அதன்மேல் பசை, பிறகுதான் டைல்ஸ்.

"பலகை ஆடுச்சுன்னா டைல்ஸ் வெடிச்சிடும் சார். சத்தம் சுத்தமா நின்னாத்தான் நான் மேல்வேலையில கை வைப்பேன்."

ஃபிளோரா அவரைக் கீழே கூப்பிட்டுத் தனியாக ஏதோ பேசினாள். நாற்காலிக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு பலகையை மட்டும் இறுக்காமல் விடமுடியுமா என்று கேட்டிருக்கிறாள். அஸார் பிறகு என்னிடம் சொன்னார்.

(விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எழுத்தாளனுக்கு அதைவிடச் சுலபமான முடிவு கிடைக்காது. அஸார் மறுத்துவிட்டார். ஒரு பலகை ஆடினால் சுற்றியுள்ள டைல்ஸெல்லாம் போய்விடும், கூடவே ஊரில் தன் பெயரும் போய்விடும் என்றார். அவர் பெயர் பிழைத்தது, என் முடிவு போயிற்று.)

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

5

வேலை முடிந்தது. சந்தன நிறத்தில் தரை அழகாகத்தான் இருந்தது. சோற்றில் கருக்காய் விழவில்லை. நான் வெறுங்காலோடு நடந்தேன், நடந்தது எனக்கே கேட்கவில்லை.

முதல் நாளே ஃபிளோரா காபியோடு படியேறி வந்தாள். முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிறகு தரையைத் துடைக்க வந்தாள். பிறகு ஜன்னலைச் சாத்த வந்தாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அதற்குப் பிறகு காரணம் எதுவும் கிடைக்காமல், கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றாள்.

"ஏதாவதுன்னா நானே கூப்பிட மாட்டேனா? எதுக்கு ஏறி வர்றே?"

"போன வருஷம் கூப்பிட்டீங்களா?" என்றாள்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் நான் மாடியில் மயங்கி விழுந்தேன். கூப்பிட எனக்கு நினைவு இருக்கவில்லை. நடை பாதியில் நின்று பலகை அதிர்ந்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டாரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தவள் அவள்தான். காபிக்காகக் காது கொடுத்தவள், அன்றிலிருந்து நான் இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை உளவு என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை அடிக்காமல் விட்டிருக்கிறேன், படித்துவிட்டுத் திட்டட்டும்.

6

கைவசம் உள்ள முடிவுகள்:

(அ) மேசையைக் கீழே கொண்டுபோவது. கொண்டுபோனேன். நாள் முழுக்க அவளோடு பேசிக்கொண்டிருந்தேன், ஒரு வரி எழுதவில்லை. அவளே மேலே துரத்திவிட்டாள்.

(ஆ) அழைப்பு மணி. மயங்கி விழுகிறவர் எப்படி மணி அடிப்பார் என்று கேட்டாள்.

(இ) அவள் அவ்வப்போது குரல் கொடுப்பது, நான் பதில் சொல்வது. எழுத்தில் மூழ்கிப் பதில் சொல்ல மறந்தேன். படியேறி வந்துவிட்டாள்.

(ஈ) சர்ச்சுக்குப் போடும் தோல் ஷூவைத் துடைத்து, லுங்கியோடு மாடியில் போட்டுக்கொண்டேன். செருப்புகூட வாசலைத் தாண்டாத வீடு இது. டைல்ஸ் மேல் டக் டக்கென்று நடந்துவிட்டுப் படிக்கட்டின் உச்சியில் நின்று குனிந்தேன்.

"கேக்குதா?"

"நடந்துக்கிட்டே இருங்க," என்றாள். குரல் கம்மியிருந்தது.

7

இனி இந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுதவேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடிவு வருவேனா என்கிறது. "அன்று முதல் அந்த வீட்டில்" என்று ஒரு வரி எழுதிப்

கீழே குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. பாத்திரத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்கிறாள். இன்னும் கொஞ்சம் யோசித்தால் நல்ல முடிவு கிடைத்துவிடும். அதற்குள் அந்த முட்டியோடு முதல் படியில் கால் வைத்துவிடுவாள்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுந்து நடக்கிறேன், அவளுக்குக் கேட்கட்டும்.