காலி டப்பாக் கடை

படித்தவர்கள் இனிக்க இனிக்கப் பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வாழ்நாள் முழுக்க வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் சுமந்தவன் நான். வாங்க அண்ணே, தண்ணி குடிங்க அண்ணே என்று எவன் உபசரிக்கிறானோ அவன் வீட்டுக் கண்ணாடி ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும். இறக்கி வைத்ததும் பழியை என் தலையில் கட்டுவான்.

ஆகவே பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை எனக்கு நாற்காலி போட்டு, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி, உங்கள் பெண்ணை நினைத்தால் எங்களுக்கு ரொம்பப் பெருமை என்று ஆரம்பித்தபோதே, எங்கேயோ எதுவோ உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

என் பெண் இல்லை, தம்பி மகள். தம்பி பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவிக்குத் துணி ஆலையில் ஷிப்ட் வேலை. முட்டி தேய்ந்து வீட்டோடு கிடப்பவன் நான் ஒருவன்தான். அதனால் பள்ளியில் கூப்பிட்டால் போய் நிற்பது பெரியப்பா வேலை. அவளை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து இரண்டு காலும் விளங்கவில்லை, சக்கர நாற்காலிதான். காலுக்குப் போகவேண்டியதும் சேர்ந்து வாய்க்கே போய்விட்டது என்று அவள் அம்மாவே சொல்லுவாள்.

பள்ளி முடித்த பிறகு பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்று பெற்றோரோடு பேசுகிற கூட்டம் அது. மற்றப் பிள்ளைகளின் வீட்டாருக்குப் பெரிய கூடத்தில் நடந்தது. எங்களுக்குத் தனி அறை. எங்களுக்கு என்றால், காலோ கண்ணோ காதோ சரியில்லாத பிள்ளைகளின் வீட்டாருக்கு. கூடத்தில் எந்தக் காலேஜில் என்ன படிப்பு என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் அறைவரைக்கும் கேட்டது. எங்களுக்கு அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிஸ்கட் தந்தார்கள்.

பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு அறையைக் காட்டினார்கள். கீழ்த்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சமான அறை. உள்ளே ஒரு கடை. சோப்பு, பற்பசை, பிஸ்கட், தேயிலை என்று அலமாரி நிறைய வரிசையாக அடுக்கி, விலைச் சீட்டெல்லாம் ஒட்டி, கல்லாப் பெட்டிகூட வைத்திருந்தார்கள். பள்ளிக்குள் எதற்குக் கடை என்று நான் ஒரு சோப்பு டப்பாவை எடுத்தேன். காற்றாக வந்தது கையோடு. தேயிலைப் பெட்டியை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். அத்தனையும் காலி.

இது பயிற்சிக் கடை என்று பயிற்சி டீச்சர் விளக்கினார். பிள்ளைகள் காலையில் அடுக்குவார்களாம், மாலையில் கலைப்பார்களாம். நாளைக்குக் கடைகளில் வேலைக்குப் போக இது உதவுமாம். அங்கே காது கேட்காத பையன் ஒருவன் அடுக்கிக்கொண்டிருந்தான், எல்லோரும் நெட்டையன் என்பார்கள். கண் மங்கலான ஒரு பெண் விலைச் சீட்டை மூக்கில் உரசுகிற மாதிரி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கண் தெரியாத பிள்ளைக்குப் பொடி எழுத்தைப் படிக்கிற வேலையைக் கொடுக்க யாருக்குத்தான் தோன்றும் என்று நினைத்தேன். எங்கள் வாயாடிக்குக் கீழ்த்தட்டு மட்டும். மேல்தட்டு அவளுக்கு எட்டாது.

"எவ்வளவு நாளா இதைப் பண்றே?" என்று அவளிடம் கேட்டேன்.

"போன வருஷத்துலேருந்து. இப்ப நான் கீழ்த்தட்டுக்கு மேனேஜர் பெரியப்பா."

பயிற்சி டீச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வாயாடியையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் அறைக்கு வந்ததும் தலைமையாசிரியை அவளைப் பார்த்து, பள்ளி முடிந்ததும் என்ன ஆசை என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கவேண்டும் என்றாள் அவள். அந்த அம்மாள் முகத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கணக்குப் பாடம் வேண்டுமே, நீ கணக்கு எடுக்கவில்லையே என்றார்.

"நான் எடுக்காம விடல மிஸ். நீங்கதான் கொடுக்கல."

கணக்கு வகுப்பு மாடியில் நடக்கிறது. மாடிக்குப் படிதான். ஆகவே இவளுடைய வசதிக்காக அந்த நேரத்தில் கீழேயே இருக்கிற மாதிரி கடையில் போட்டிருக்கிறார்கள். வசதி என்ற சொல்லை அந்த அம்மாள் எத்தனை தடவை சொன்னார் என்று எனக்குக் கோபத்தில் மறந்துவிட்டது. போன வருஷமே அப்பாவிடம் சொன்னோம், அவர் சரி என்றார் என்றார்கள். தம்பியிடம் செய்முறைப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அதை ஏதோ மேல்படிப்பு என்று நினைத்துத் தலையை ஆட்டியிருக்கிறான்.

இந்தப் பருவம் போய்விட்டால் கணக்குப் பரீட்சை எழுத முடியாது. கணக்கு இல்லாவிட்டால் அந்தக் காலேஜ் கதவு திறக்காது. அவ்வளவுதான் விஷயம். என் மரமண்டைக்கே புரிந்தது.

அப்படியானால் அந்த வகுப்பைக் கீழே நடத்துங்கள் என்றேன். கீழே அறை இல்லையாம். கடை இருக்கிற அறை? அது வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக நன்கொடையில் அமைத்ததாம், கலைக்க முடியாதாம். அப்புறம் அந்த அம்மாளுக்கு ஒரு யோசனை வந்தது.

"நீங்க தூக்குற தொழில் பார்த்தவர்தானே பெரியவரே? தினம் வந்து மேல தூக்கிட்டுப் போய் விட்டுட்டா என்ன?"

எனக்கும் மூளை அவ்வளவுதான். தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதைவிடப் பெரிய பாரமெல்லாம் தூக்கியிருக்கிறேனே என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு வேறு.

தெருவுக்கு வந்ததும் அவள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"தூக்கிட்டுப் போய் வைக்க நான் என்ன பீரோவா?"

"ஏய், படிப்புக்காகத்தானே சொன்னேன்."

"உங்க முட்டி இருக்கற இருப்புல மொதப் படியிலயே ரெண்டு பேரும் உருளுவோம். சரி, இங்க நீங்க தூக்குவீங்க. காலேஜுல யாரு தூக்குவா? வேலைக்குப் போனா அங்க யாரு? சாகற வரைக்கும் ஒருத்தர் முதுகுலயே போகணுமா நான்?"

 வழியெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன், கெட்ட வார்த்தையிலும் சேர்த்து. அவள் காதில் விழாத மாதிரி வந்தாள். அன்று மாலை வீட்டில் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிதான் வெடித்தாள். தன் பிள்ளைக்கு என்ன பாடம் என்று கேட்காமல் எவளோ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்த மனுஷன், சம்பளப் பணத்தை மட்டும் எண்ணி எண்ணிப் பார்ப்பானே என்றாள்.  மறுநாள் தம்பி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தான். யோசிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் தம்பி மனைவி போனாள். அவளுக்கும் அதே பதில். இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் பருவம் முடிந்துவிடும், அதுதான் அவர்கள் யோசனையே என்று நான் சொன்னேன்.

இதற்கிடையில் பெரிய சூப்பர் மார்க்கெட் முதலாளி ஒருவர் கடையைப் பார்க்க வருகிறார் என்று பள்ளி முழுக்கப் பரபரப்பு. வாசலிலிருந்து அந்தக் கடை அறைக்கு மட்டும் புதிதாகச் சாய்வுப் பாதை போட்டார்கள். மாடிக்குப் பாதை போட யோசிக்கவேண்டும், கடைக்குப் போட யோசிக்க வேண்டாம். விருந்தாளியிடம் பேச வாயாடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நன்றாகப் பேசுவாள் என்று. இதைவிடப் பெரிய தப்பை அந்தப் பள்ளிக்கூடம் செய்திருக்காது.

அன்றைக்கு வீட்டாரையும் வரச்சொல்லியிருந்தார்கள். சுவரோரம் நின்றேன். முதலாளி வந்தார், ஒல்லியான மனிதர், அலட்டல் இல்லை. பின்னால் போட்டோ எடுக்கிற ஆள். தலைமையாசிரியை வாயாடியின் தோளில் கை போட்டுக்கொண்டு, இவள்தான் எங்கள் நட்சத்திரம் என்றார்.

என்னம்மா செய்கிறாய் என்று முதலாளி கேட்டார்.

"காலி டப்பா அடுக்கறேன் சார்."

போட்டோக்காரன்கூடக் கையை இறக்கிவிட்டான். முதலாளி ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"உங்க கடையில புதுசா வர்றவங்களுக்கு இதை எவ்வளவு நாள் சொல்லித் தருவீங்க சார்?" என்று அவள் கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

"அரை நாள் போதும்மா" என்றார் அவர்.

"நாங்க போன வருஷத்துலேருந்து கத்துக்கறோம். இந்த நேரத்துல மேல கணக்கு வகுப்பு நடக்குது. எனக்கு அது வேணும்."

தலைமையாசிரியையின் சிரிப்பு அப்படியே இருந்தது, காது மட்டும் சிவந்தது. இவளுக்குப் படிப்பில் எவ்வளவு ஆர்வம் பாருங்கள், நாங்கள் எதற்கும் தடை சொல்வதில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற இரண்டு பியூன்களுக்குக் கண் காட்டினார். இப்போதே மாடிக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றார்.

அவர்கள் வந்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிக்கட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், ஒருவன் முன்னால் பிடித்தான், ஒருவன் பின்னால் பிடித்தான், தூக்கிவிட்டார்கள். மூட்டையைத் தூக்கினால்கூட நாங்கள் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் தூக்குவோம். நாலு படி ஏறியிருப்பார்கள். அவள் எட்டிப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்தவன் தடுமாறினான். நான் ஓடினேன், முட்டி ஓடவிட்டால்தானே. நெட்டையன் எனக்கு முன்னால் பாய்ந்து பின்னால் தாங்கிக்கொண்டான்.

"கையை விடும்மா, விழுந்துடுவே" என்று தலைமையாசிரியை கீழிருந்து பதறினார்.

"இறக்கச் சொல்லுங்க, விடறேன்."

"நீதானே கணக்கு வேணும்னே?"

"கணக்குதான் கேட்டேன். என்னைத் தூக்கச் சொல்லல."

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வகுப்பு முழுவதும் வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தது. கணக்கு வாத்தியாரும் கையில் சாக்பீஸோடு வந்து நின்றார். சின்ன வயசுக்காரர், அதிர்ந்து பேசாதவர். தலைமையாசிரியையைப் பார்த்தார், கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அதற்குள் பியூன்கள் நாற்காலியைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவள் விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"கீழ அந்த ரூம்ல போர்டு இருக்கா?" என்று வாத்தியார் கேட்டார்.

"விலை எழுதற போர்டு ஒண்ணு இருக்கு சார்" என்றாள் கண் மங்கலான பெண். அவள் பேசி அன்றுதான் கேட்டேன்.

அவர் இறங்கி வந்தார். பின்னால் வகுப்பே இறங்கி வந்தது. உட்கார இடமில்லாமல் டப்பாக்களைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். இன்றைய சலுகை என்று எழுதியிருந்ததை வாத்தியார் துடைத்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். முதலாளி பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, ரொம்ப நல்லது என்று சொல்லிக் கிளம்பினார். போட்டோக்காரன் படமெடுத்துக்கொண்டான்.

இன்றைக்கு மட்டும் என்று தலைமையாசிரியை வாத்தியார் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. ஆனால் அந்தப் படம் பத்திரிகையில் வந்துவிட்டது. சிறப்புக் குழந்தைகளோடு சேர்ந்து கற்கும் புதிய முயற்சி என்று தலைமையாசிரியையைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். அதன் பிறகு அவரால் வகுப்பை மேலே ஏற்ற முடியவில்லை. நான் பத்திரிகையைக் கசக்கி எறிந்தேன். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்குத் திருடனுக்கு மாலை போடுவதா என்று கத்தினேன். வாயாடி அதைப் பொறுக்கி நீவி மடித்து வைத்தாள். யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், தனக்குக் கணக்கு வந்தால் போதும் என்றாள். விட்டுப்போன பாடங்களை வாத்தியார் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தருகிறார். பாஸ் பண்ணுவாளா என்று அவரிடம் கேட்டேன். தெரியாது, ஆனால் பரீட்சை எழுதுவாள் என்றார். நான் பார்த்த படித்தவர்களில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.

இதோடு கதையை முடித்திருப்பேன். நேற்று அவளைக் கூட்டிவரப் போனவன், மாடிப்படிக்குக் கீழே இருட்டு மூலையில் அந்தக் கடையைப் பார்த்தேன். அறையிலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நெட்டையன் அடுக்கிக்கொண்டிருந்தான். கண் மங்கலான பெண் அந்த இருட்டில் விலைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

வாயாடி நெட்டையனிடம் கையை அசைத்து ஏதோ கேட்டாள். அவன் டப்பாவை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் எதையோ முறுக்கித் திறப்பதுபோலக் காட்டினான். மோட்டார் ரிப்பேர் கற்றுக்கொள்ள ஆசையாம். அதற்கென்று படிப்பு இருக்கிறதாம், அவனிடம் ஒருவரும் சொல்லவில்லையாம். இதெல்லாம் அவளுக்கு எப்படிப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து டப்பா அடுக்கிய காலத்தில் அந்தக் கை ஜாடை ஒன்றாவது வந்திருக்கிறது.

தலைமையாசிரியை அறைக்குப் போனேன். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை, பிஸ்கட்டும் இல்லை. நல்லதாகப் போயிற்று. அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் என்ன வழி என்றேன்.

"உங்க பிள்ளை விஷயம்தான் முடிஞ்சுபோச்சே பெரியவரே."

"எங்க பிள்ளை விஷயம் முடிஞ்சுது. உங்க விஷயம் முடியல."

அவர்கள் வீட்டார் யாரும் கேட்கவில்லை என்றார். அவர்களுக்குத் தெரிந்தால்தானே கேட்பார்கள் என்றேன். அது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு, வெளியார் தலையிடக்கூடாது என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

நெட்டையன் வீடு எங்கே என்று வாயாடியை அவனிடம் கேட்கச் சொன்னேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், பக்கம்தானாம். நீ வீட்டுக்குப் போ, நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"நீங்க போனா சண்டைதான் போடுவீங்க. அவங்கம்மாகிட்ட நான் பேசறேன்."

நெட்டையன் அவள் நாற்காலியின் பின்னால் வந்து நின்று, தள்ளட்டுமா என்று கையால் கேட்டான். அவள் தலையாட்டினாள். கண் மங்கலான பெண் எங்கள் குரல் வந்த பக்கம் திரும்பி, தன் வீடும் அதே வழியில்தான் என்றாள்.