ஐந்து நிமிடத் தெளிவு

கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி, உள்ளங்கைகளைக் குவித்து, மூன்றாவது தீக்குச்சியில் ஒருவழியாகப் பற்றவைக்கிறேன் சிகரெட்டை, முதல் இழுப்பு நெஞ்சில் இறங்கும்போதே தலைக்குள் படிந்திருந்த மூட்டம் விலகுகிறது, தூரத்தில் நிற்கும் கப்பல் கப்பலாகத் தெரிகிறது, என் கை என் கையாகத் தெரிகிறது, இனி ஐந்து நிமிடம் எனக்குச் சொந்தம், அதற்குள் எழுதிவிட வேண்டும், மடியில் நோட்டைப் பிரித்து, ரெக்ஸி, என் மகளே, என்று தொடங்குகிறேன், உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து அப்பா தண்ணி என்கிறாள் அவள், நான்கு வயது, இல்லை, அது பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இப்போது இருபத்திரண்டு, நாகர்கோவிலில் அம்மாவோடு இருக்கிறாள், அவள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எத்தனை தரம் வரைந்து பார்த்தாலும் அந்த நான்கு வயதுக்கே போய் நின்றுவிடுகிறது.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பலகையைப் பார்க்காமலே பெரிய பெருக்கலைச் சொல்வேன், பிறகு மனச்சிதைவு என்று டாக்டர் பெயர் சொன்ன அந்த நோய் வந்தது, கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் காதருகே பேசினார்கள், உன் பிள்ளையைத் தூக்கப் போகிறோம் என்று ஒரு மத்தியானம் சொன்னார்கள், நான் ரெக்ஸியை சைக்கிளில் வைத்து உப்பளத்துக்கு மிதித்தேன், வெள்ளை வெள்ளையாய்க் குவிந்துகிடந்த உப்புக்கு நடுவே அவளை அணைத்துக்கொண்டு ஒளிந்திருந்தேன், சாயங்காலம் என் மனைவி ஜெனோவா ஆட்களோடு தேடி வந்தபோது பிள்ளையின் உதடு வெடித்திருந்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது, மறுநாள் ஜெனோவா வாசலில் நின்று, எனக்கு உங்கமேல கோவம் இல்ல, பிள்ளைய நினைச்சாத்தான் பயமா இருக்கு என்றாள், அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள் திரும்பவேயில்லை, என்னைக் கூடப்பிறந்த லூர்து அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள், இன்றுவரை அவள் சோறுதான்.

மாத்திரை அந்த ஆட்களை ஓயவைத்தது, ஆனால் என் தலை முன்புபோல் திரும்பவில்லை, கடைக்குப் போனால் எதற்கு வந்தேன் என்பது போய்விடும், ஒரு வாக்கியத்தின் வாலைப் பிடிக்கும்போது தலை நழுவிவிடும், இது மாத்திரையால் மட்டுமில்லை, இந்த நோயே ஞாபகத்தையும் கவனத்தையும் அரிக்கும் என்றார் டாக்டர், சிகரெட் எரியும் நேரம் மட்டும் நான் பழைய வாத்தியார், அப்படித்தான் நம்பினேன், நாளுக்கு இருபது, சில நாள் முப்பது, இருமல் தாங்காமல் குனிந்து நிற்கும்போது அக்கா முதுகைத் தடவிக்கொண்டே, ஏலே, நெஞ்சு புண்ணாப் போச்சே, அந்தச் சனியன விட்டுத் தொலையேம்ல என்பாள், கடுதாசி முடியட்டும்க்கா, பாதிக்கு மேல எழுதிட்டேன் என்பேன், அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள், ஏன் போனாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஆஸ்பத்திரியில் நஸ்ரின் என்ற உளவியல் நிபுணர் வந்து சேர்ந்தார், சின்ன வயது, என்னை சார் என்று கூப்பிட்டார், எத்தனை வருடமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு, புகைபிடிக்கிறவர்களின் ஞாபகத்தைப் பற்றி ஓர் ஆய்வு, வாறீங்களா சார் என்று கேட்டதும் போய் உட்கார்ந்துவிட்டேன், ஒரு நாள் சிகரெட் இல்லாமல், இன்னொரு நாள் பிடித்த கையோடு, பதினைந்து சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார், எண்கள் நிறைந்த தாளில் ஏழுகளை மட்டும் அடிக்கச் சொன்னார், முடிவில், புகைச்சதுக்கு அப்புறம் உங்க கை வேகமாப் போகுது சார், ஆனா சொல்லு ரெண்டு நாளும் அஞ்சுதான், ஞாபகம் கூடல, காலையில இருந்து பிடிக்காத தவிப்பு அடங்குறதுதான் உங்களுக்குத் தெளிவு மாதிரி இருக்கு என்றார், எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, அப்ப இது என்ன என்று நோட்டை மேஜையில் போட்டேன், என் மகளுக்கு எழுதின கடுதாசி, இதெல்லாம் யார் எழுதினது, அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, நீங்களே வாசிங்க சார் என்றார், முதல் பக்கம், ரெக்ஸி, அன்னைக்கு உன்ன உப்பளத்துக்கு ஏன் கூட்டிட்டுப் போனேன்னா, அடுத்த பக்கம், மகளே, அப்பா அன்னைக்குச் செஞ்சது ஏன்னா, அதற்கடுத்தது, அம்மா உங்கிட்ட சொல்லியிருப்பா, ஆனா ஏன்னா, எண்பது பக்கமும் வெவ்வேறாகத் தொடங்கி அந்த ஒரு இடத்திலேயே நின்றுபோயிருந்தன, எழுத உட்கார்ந்த ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நான் முதலிலிருந்தே தொடங்கியிருக்கிறேன், வாசலில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தேன், உனக்குத் தெரியுமாக்கா, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், எப்படிச் சொல்ல ராசா, அத வச்சுத்தான நீ உசுரோட இருந்த.

அன்றைக்கே பாக்கெட்டை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை, ஒரு வாரம் பல்லைக் கடித்தேன், அதன்பின் எழவே முடியாத தூக்கம், தலையணை எச்சிலில் நனைகிறது, நாக்கு புரளவில்லை, அக்கா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள், டாக்டர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, சிகரெட்டை விட்டியளா என்றார், அந்தப் புகை நீங்க சாப்பிடுற மாத்திரையச் சீக்கிரம் உடம்பவிட்டு வெளியேத்தும், திடீர்னு விட்டா அதே மாத்திரை உள்ள கூடிப்போகும், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே குறைச்சிருப்பேன், மாத்திரையைக் குறைத்தார், மெல்ல எழுந்து உட்கார்ந்தேன், பழைய புத்தி வந்துருமா டாக்டர் என்றேன், அப்படிப் பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு பிழைக்கும், புத்திக்குப் பழக்கம் குடுங்க என்றார்.

பழக்கம் கொடுத்தவர் நஸ்ரின், எழுத உட்காரும் முன்னால் நேற்று எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், எழுந்திருக்கும் முன்னால் நாளை எழுத வேண்டியதை ஓரத்தில் ஒரே சொல்லில் குறித்துவைக்க வேண்டும், விரல்கள் சும்மா இருக்க முடியாமல் பேனாவை உதட்டுக்குக் கொண்டுபோகும், அக்கா எதிரே உட்கார்ந்து பயறு பொறுக்குவாள், வாசிடா, சத்தமா, என்பாள், நாளுக்கு அரை வரி, சில நாள் அதுவும் இல்லை, பயம், என்று ஓரத்தில் குறித்திருந்ததைப் பார்த்து மறுநாள் தொடர்ந்தேன், ஏன்னா உன்ன யாரோ தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தேன், யாரும் வரல, எனக்குத்தான் உடம்பு சரியில்ல, வெயில்ல உன்ன வச்சிருந்தது என் தப்பு, உன்ன ஒரு தடவ பார்க்கணும், இவ்வளவுதான், இதற்கு இருபத்தாறு நாள், அக்கா தபாலில் சேர்த்தாள், பதில் வரும் வரும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன், ஒரு கார்டு வந்தது, ஞாயித்துக்கிழமை பத்து மணி பஸ்ஸுல வாறேன், ரெக்ஸலின்.

பேருந்து நிலையத்தில் ஒன்பதுக்கே போய் நின்றேன், நாகர்கோவில் வண்டி வந்தது, படியில் இறங்கும் பெண்களையெல்லாம் பார்க்கிறேன், எல்லார் முகத்திலும் அந்த நான்கு வயதைத் தேடுகிறேன், நீல சுடிதார் போட்ட ஒருத்தியிடம் போய் ரெக்ஸி என்கிறேன், அவள் இல்லை என்று விலகிப் போகிறாள், பின்னாலிருந்து, அப்பா, என்ற குரல், திரும்புகிறேன், மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள், ஜெனோவாவின் நெற்றி, வேறு எதுவும் எனக்குத் தெரிந்ததாக இல்லை, இரண்டு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்த சொற்கள் அத்தனையும் அந்த நொடியில் போய்விட்டன, ஒரு சிகரெட் இருந்தால் என்று மனம் கதறுகிறது, மறந்துட்டேம்மா, என்னென்னமோ சொல்ல வச்சிருந்தேன், எல்லாம் மறந்துட்டேன் என்று அழுதுவிடுகிறேன், அவள் என் தோளைப் பிடித்து சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைக்கிறாள், பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறாள், மெதுவா யோசிச்சுச் சொல்லுங்கப்பா, எனக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் பஸ் என்கிறாள்.