சட்டைப் பையில் ஒரு பேனா

விமானிகளை அழ வைப்பதுதான் பாமாவின் உத்தியோகம் என்று அவள் கணவன் சந்தானம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிவான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பாமா அரசாங்க விமான ஆய்வாளர். பறக்கிற விமானத்தில் விமானிகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு மடக்கு இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் செய்வதைப் பார்த்துக் குறிப்பெடுப்பாள். அவள் சரியில்லை என்று எழுதிவிட்டால் எந்தக் கொம்பனும் மறுநாள் விமானம் ஓட்ட முடியாது.

ஆனால் பிறரைச் சோதிக்கிறவருக்கும் சோதனை உண்டு. தானும் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும், கை பழக்கம் விட்டுப்போயிருக்கவும் கூடாது என்பது விதி. அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே நின்று ஆடுகிற பொய் விமானத்தில் ஏறி, ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி தேறும்வரை ஆய்வாளர் வேலை கிடையாது. ஆபீஸில் ஃபைல் பார்க்கலாம், டீ குடிக்கலாம்.

இன்று அந்தச் சோதனை. பாமா இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எத்தனை பேருக்கு வயித்துல புளியக் கரைச்சிருப்ப? இன்னிக்கு உன் முறை," என்றான் சந்தானம்.

"சும்மா இருங்க. நானே பயந்துட்டிருக்கேன்."

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் பறப்பதற்கென்று நாள் குறித்தபோதெல்லாம் ஏதாவது ஒரு மீட்டிங் வந்து அதைத் தின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்து பார்த்ததுதான் அதிகம், முன்னால் உட்கார்ந்து ஓட்டியது சொற்பம். பதினைந்து வருடம் கேப்டனாக இருந்தவளுக்கு இப்போது தன் கைகளின் மேலேயே நம்பிக்கை இல்லை. யாரிடம் போய்ச் சொல்வாள்?

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கேப் போய்க்கொண்டிருக்கும்போது கண்ணை மூடி மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். எஞ்சின் நின்றால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும், உடனே எதிர்ப்பக்க ரடரை மிதிக்க வேண்டும். காலடிக் கட்டையை மிதித்தால் வாலில் திரும்புகிற பலகைதான் ரடர். பாதம் தன்னால் கீழே அழுந்தியது.

"மேடம், பிரேக் நான் போட்டுக்கறேன், சும்மா குத்துக்கோளி," என்றான் கன்னட டிரைவர் கண்ணாடியில் பார்த்து. சும்மா உட்காருங்கள் என்று அர்த்தம்.

அரசாங்கத்திடம் சொந்த சிமுலேட்டர் இல்லை. தென்றல் ஏர் கம்பெனியின் இயந்திரத்தில், அந்தக் கம்பெனியின் பரிசோதகர் கேப்டன் சீனிவாசராகவன்தான் பாமாவைச் சோதிப்பார். சீனிவாசராகவன் பரிசோதகராக நீடிக்கலாமா என்று சோதிக்க வேண்டியவர் யார்? பாமாதான், அடுத்த வாரம். இந்த வாரம் நீ எனக்கு, அடுத்த வாரம் நான் உனக்கு. இது யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை.

"வாங்க மேடம், வாங்க," என்று வாசலுக்கே வந்தார் அவர். "பக்கத்து சீட்டுக்கு நம்ம லாயிடைப் போட்டிருக்கு. ரோஸ்டர் அப்படி."

கேப்டன் லாயிட் ஊரின் மறுகோடியில் இருக்கிற கூக் டவுன்காரர், சத்தமாகச் சிரிக்கிறவர். போன வருடம் இதே இயந்திரத்தில் அவரைப் பாமா ஃபெயில் ஆக்கியிருந்தாள். எஞ்சின் நின்றபோது அவர் கால் இரண்டு செகண்ட் தாமதமாக மிதித்தது. "ரெண்டே செகண்ட்தானே மேடம்," என்று கெஞ்சினார். "ரெண்டு செகண்ட்ல ரன்வே முடிஞ்சிடும் கேப்டன்," என்று சொல்லி எழுதிவிட்டாள். அதன் பிறகு அவர் மறுபயிற்சி எடுத்துத் தேறினார். ஆனால் சிரிப்பு பழைய மாதிரி இல்லை என்று கேள்வி. இன்று அவர், "குட் மார்னிங் மேடம்," என்று மட்டும் சொல்லிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

பாமா இடது பக்கம் கேப்டன் இருக்கையில். லாயிட் வலது பக்கம், அவள் ஓட்டுவதைக் கவனித்துப் பிசகினால் உடனே சொல்ல வேண்டிய இருக்கையில். சீனிவாசராகவன் பின்னால், திரைகளோடு. விமானம் ரன்வேயில் பாய்ந்தது.

"வி ஒன்," என்றார் லாயிட். அந்த வேகத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது, என்ன ஆனாலும் எழும்பித்தான் ஆக வேண்டும். பாமா வழக்கப்படி வலது கையை எஞ்சின் லீவரிலிருந்து எடுத்தாள்.

மணி அடித்தது. இடது எஞ்சின் போய்விட்டது.

அப்போது பாமாவின் கால் மிதிக்கவில்லை. தலை வலப்பக்கம் திரும்பி லாயிடைப் பார்த்தது. இவர் என்ன செய்யப்போகிறார், பார்க்கலாம் என்று பார்த்தது. வலது கை சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது. குறிப்பெடுக்க!

பேனாவின் குளிர்ச்சி விரலில் பட்டபோதுதான் ஓட்டுவது தான் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், ரன்வே ஓர விளக்குகள் சக்கரத்துக்கு அடியில் தடதடத்தன. வலது காலை முழு பலத்தோடு அழுத்தினாள். விமானம் எப்படியோ மேலே எழும்பியது. மிச்சமெல்லாம் சுத்தமாகச் செய்தாள். ஒற்றை எஞ்சினோடு சுற்றி வந்து பூப்போல இறக்கினாள். வேர்வையில் முதுகு சட்டையோடு ஒட்டியிருந்தது.

வெளியே ஒரு சின்ன அறையில் காபி வந்தது.

"சின்ன ஸ்விங்தான் மேடம். ரெகவர் பண்ணிட்டீங்க. லேண்டிங் ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் சீனிவாசராகவன். "பாஸ்னு போட்டுடறேன். அப்புறம், அடுத்த வாரம் நம்ம செக் காலைலயா, மத்தியானமா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். பாமா காபியை ஒரு மடக்கு குடித்தாள். வாங்கிக்கொண்டு போய்விடலாம். யாருக்குத் தெரியும்? ஃபெயில் என்றால் நாளைக்கே ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிடும். அவள் ஃபெயில் ஆக்கிய ஒவ்வொருவனும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூலையில் பையை மூடிக்கொண்டிருந்த லாயிடைப் பார்த்தாள்.

"கேப்டன், நீங்க என்ன பார்த்தீங்க?"

லாயிட் பையின் ஜிப்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. "நான் ஒண்ணும் பாக்கல மேடம்."

"ஓர லைட்டு மேல ஏறினது தெரியலயா?"

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் ரடர்னு கத்தல? அதுக்குத்தானே பக்கத்துல உக்காந்திருக்கீங்க?"

அவர் சீனிவாசராகவனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "உங்களப் பாத்து எப்படி மேடம் கத்தறது?"

இப்போதுதான் பாமாவுக்கு நிஜமான பயம் வந்தது. சிமுலேட்டரில் விளக்குகள் தடதடத்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. நிஜ விமானமாக இருந்திருந்தால்? பின்னால் நூற்றெண்பது பேர் இருந்திருந்தால்? அப்போதும் இந்த மனுஷன் அவளுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேதான் செத்திருப்பார். அந்தப் பயத்தை அவருக்குள் வைத்தது அவள்தான்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஃபெயில்னு எழுதுங்க, ராகவன்."

"மேடம், எதுக்கு மேடம்... அப்ப அடுத்த வாரம் என் செக்?"

"வேற யாராவது வருவாங்க. எனக்குத்தான் மறுபடி தேறற வரைக்கும் அதிகாரம் இல்லையே."

சீனிவாசராகவன் பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார். எழுதும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது. பாமா சந்தானத்திடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். சிமுலேட்டரில் இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருப்பது சுவர்க் கடிகாரத்தில் தெரிந்தது.

"மறுபயிற்சியை இப்பவே ஆரம்பிக்கலாமா?" என்றாள். "கேப்டன் லாயிட், நீங்க பக்கத்துல வரணும். இந்தத் தடவை கத்தணும்."

"நிஜமாவா மேடம்?"

"மேடம்னு கூப்பிட்டுக்கிட்டு எப்படிக் கத்துவீங்க? என் பேரு பாமா."

மறுபடி அதே ரன்வே. "வி ஒன்," என்றார் லாயிட். அவள் லீவரிலிருந்து கையை எடுத்தாள். மணி அடித்தது. கை மறுபடியும் சட்டைப் பைக்குத்தான் போயிற்று. பை காலியாக இருந்தது.

"ரடர்! பாமா, ரைட் ரடர்!"

கூக் டவுன்வரை கேட்டிருக்கும். பாமா மிதித்தாள்.